சாவியை ஒப்படைத்த ஊழியக்காரன்: நெல்லை அப்போஸ்தலன் இரேனியஸ் ஐயரின் வாழ்க்கை



நம்ம சபையிலே பல வருஷமாக ஊக்கமாய் ஜெபித்து வந்த ஒரு குடும்பத்துக்கு இரயில்வேயில் டிரான்ஸ்பர் வந்தது. புறப்படுகிற வாரம் அவங்க வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். கோணிப்பை, கயிறு, அட்டைப்பெட்டி, பிள்ளைகளோட டி.சி., கேஸ் சிலிண்டர் சரண்டர், பால்காரர் பாக்கி என்று உட்கார்ந்து பேசக்கூட நேரமில்லை. கடைசியில் டெம்போ வந்து நின்றதும் அந்தச் சகோதரி, தான் எடுத்து வந்த ஞாயிறு பள்ளி வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் ஆலய அறைச் சாவியையும் என் மனைவி கையில் கொடுத்துட்டு தேம்பித் தேம்பி அழுதாங்க. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது வராத கண்ணீர், அந்தச் சின்னச் சாவியைக் கொடுக்கும்போது வந்தது.

அன்றைக்கு இராத்திரி திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னே இப்படியே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு புறப்பட்ட ஒரு தேவ மனுஷனைப் பற்றி ஆவியானவர் என் உள்ளத்தில் நினைப்பூட்டினார். அவர் புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்ம ஊரிலிருந்து சோளிங்கர், இராணிப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போய்விடக்கூடிய ஆற்காடு! திருநெல்வேலியின் அப்போஸ்தலன் என்று பேர்பெற்ற இரேனியஸ் ஐயர்தான் அவர். அவருடைய ஜீவிய சரித்திரத்தை, விசேஷமாய் அவர் பிரிந்துபோன அந்த 1835-ம் வருஷத்தை, இந்த இதழில் தியானிப்போம்.

பிரஷ்ய தேசத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு

கார்ல் தியோபிலஸ் இவால்ட் இரேனியஸ் 1790-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி பிரஷ்ய தேசத்தில் கிராவ்டென்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்றைக்குப் போலந்து நாட்டில் இருக்கிறது. தகப்பனார் இராணுவ அதிகாரி. ஆனால் பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே தகப்பனை இழந்துபோனார். வாலிப நாட்களில் கர்த்தர் அவரைச் சந்தித்தார். பெர்லின் பட்டணத்தில் மிஷனெரிகளைப் பயிற்றுவித்த ஒரு பள்ளியில் படித்து, 1812-ல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்க. அவர் ஜெர்மானிய லுத்தரன். அவரை இந்தியாவுக்கு அனுப்பினதோ இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனெரி சங்கம். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வர ஆங்கிலேய ஊழியர் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆகையால் சங்கத்தார் ஜெர்மானியரை அனுப்பினார்கள். இரண்டு பக்கத்தாரும் ஆத்தும பாரத்தினால் கைகோர்த்தார்கள். இந்த ஒரு முடிச்சுதான் இருபது வருஷம் கழித்துப் பெரிய கண்ணீருக்குக் காரணமாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகைக்குள் மிஷனெரிகள் வந்து ஊழியஞ்செய்ய 1813-ம் வருஷத்துச் சாசனம் வாசலைத் திறந்தது. அடுத்த வருஷமே, 1814 ஜூலை 4-ந் தேதி, இரேனியஸ் சென்னையில் வந்து இறங்கினார். கொஞ்ச நாள் தரங்கம்பாடியில் தங்கினார். பிறகு சென்னைக்குத் திரும்பி ஆறு வருஷம் உழைத்தார். டச்சு வம்சாவழியில் வந்த ஆன் வான் சோமரென் அம்மையாரை விவாகம் செய்தார். 1820 ஜூலையில் குடும்பமாய்ப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்கு முன்னே சுவார்ட்ஸ் ஐயர் விதைத்திருந்தார். குளோரிந்தா அம்மாள் 1785-ல் கட்டின சின்ன ஆலயம் இருந்தது. ஜேம்ஸ் ஹஃப் என்ற இராணுவச் சேப்ளின் சில பள்ளிக்கூடங்களை நடத்திக்கொண்டிருந்தார். இரேனியஸ் ஐயரோ கிராமம் கிராமமாய்ப் போனார். வெயிலையும் செம்மண் தேரியையும் பார்க்கவில்லை. திருப்பாற்கடல்நாதக் கவிராயரிடத்தில் மாணாக்கனாய் உட்கார்ந்து இலக்கணத் தமிழ் கற்றார். பிற்பாடு தாமே ஆங்கிலத்தில் ஒரு தமிழ் இலக்கண நூலை எழுதி வெளியிட்டார். பிள்ளைகளுக்காக 1832-ல் பூமி சாஸ்திரம் என்ற புத்தகத்தை எழுதினார். புதிய ஏற்பாட்டைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் மொழிபெயர்த்து அச்சிலேற்றினார். இன்று நம் கையிலிருக்கிற தமிழ் வேதாகமத்துக்குப் பின்னால் பெப்ரீசியஸ், இரேனியஸ், பவர் என்று பலபேருடைய வியர்வை இருக்கிறது. பிரியமானவர்களே, வேதத்தைத் திறக்கும்போது அதை மறந்துபோகாதிருங்கள்.

அவருக்கு வெங்கு முதலியார் என்ற ஒரு ஹிந்து நண்பர் இருந்தார். மிஷன் வளாகத்துக்கு முருகன்குறிச்சியில் இடம் கிடைக்கும்படி உதவினது அவர்தான். அங்கே ஐயர் கட்டின ஆலயம் 1826 ஜூனில் பிரதிஷ்டை பண்ணப்பட்டது. பிற்பாடு உயர்ந்த கோபுரமும் சேர்ந்து, ஊசிக் கோபுர ஆலயம் என்று எல்லாரும் சொல்லுகிற பேராலயம் இதுவே.

பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். உபதேசிமாரைப் பயிற்றுவிக்க ஒரு செமினரி வைத்தார். அங்கே சில மாணவர்கள் மற்ற ஜாதியாரோடு பந்தியில் உட்கார மாட்டோம் என்று நின்றபோது, பள்ளிக்கூடமே காலியானாலும் பரவாயில்லை, கர்த்தருடைய பந்தியில் வேற்றுமை இல்லை என்று உறுதியாய் நின்றார். நம்ம நாட்களிலும் சபைக்குள்ளே இந்தத் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

விசுவாசத்துக்கு வந்தவர்களை நிலக்காரர்கள் குடியிருப்பிலிருந்து துரத்தினபோது, 1830-ல் தர்ம சங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார். விசுவாசிகளே காணிக்கை போட்டு நிலம் வாங்கி, அடிக்கப்பட்டவர்கள் பயமில்லாமல் குடியிருக்கக் கிராமங்களை உண்டாக்கினார்கள். பிரஷ்யாவிலிருந்து டோனா பிரபு அனுப்பின பணத்தினால் உண்டான கிராமம்தான் டோனாவூர். எமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் வந்து தங்கி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த அதே டோனாவூர்!

இப்படிப் பதினைந்து வருஷம். இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்களில் பத்தாயிரம் ஆத்துமாக்களுக்கு மேல் கிறிஸ்துவண்டை சேர்ந்தார்கள். நாற்பத்து நாலாவது வயசில் அவர் நின்ற இடம் அது. எனக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். இதை எழுதும்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பிரிவினைக்குக் காரணமென்ன?

இவ்வளவு பெரிய மந்தைக்குத் திருமுழுக்கும் திருவிருந்தும் கொடுக்க ஒரு சில மிஷனெரிகள் எப்படிப் போதும்? ஆகையால் தன்னிடத்தில் பயிற்சி பெற்ற உபதேசிமாரில் தகுதியானவர்களைக் குருமாராக அபிஷேகம் பண்ண வேண்டும் என்று ஐயர் விரும்பினார். தான் பெற்ற லுத்தரன் முறையிலேயே, பாளையங்கோட்டையிலேயே செய்துவிடலாம் என்பது அவர் எண்ணம். சங்கத்தாரோ, இப்போது இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயர் இருக்கிறார், அவர் கையினால்தான் நடக்கவேண்டும் என்றார்கள்.

இந்தக் கருத்து வேற்றுமை சில வருஷம் உள்ளுக்குள்ளே புகைந்துகொண்டிருந்தது. 1834-ல், ஆங்கிலிக்கன் சபை ஒழுங்குகளை உயர்த்திப் பேசின ஒரு நூலைப் பற்றி விமரிசனம் எழுதும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் மனசில் பட்டதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். அந்த எழுத்து அச்சாகி வெளியே வந்தது. அவ்வளவுதான்! எங்கள் சபை ஒழுங்கையே குறைசொல்லுகிறவரை எங்கள் ஊழியராக எப்படி வைத்திருப்பது என்று சங்கத்தார் தீர்மானித்தார்கள். இலண்டனிலிருந்து புறப்பட்ட முடிவு 1835 மே மாதத்தில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. இனி அவருக்கும் சங்கத்துக்கும் தொடர்பில்லை.

பிரியமானவர்களே, நாம் இங்கே யாரையும் நியாயந்தீர்க்கக் கூடாது. சங்கத்தார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு சபையின் பணத்தினாலும் ஜெபத்தினாலும் அனுப்பப்பட்டவர் அந்தச் சபையின் ஒழுங்கை மதிக்கவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஐயர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தான் லுத்தரன் என்று தெரிந்துதானே அழைத்தார்கள், இப்போது விதிகளை மாற்றினால் எப்படி என்று அவர் கேட்டார். இரண்டு பக்கமும் தேவனுக்குப் பயந்தவர்கள்தான். சபைகளில் வருகிற ரொம்ப வேதனையான சண்டை நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் இடையே வருகிறதல்ல. இரண்டு நல்லவர்களுக்கு இடையே வருகிறதே அது.

புறப்பட்ட நாட்கள்

அந்த வாரங்களை நினைத்துப் பாருங்க. சொந்த சாமான் கட்டுகிறதே நமக்குப் பெரிய வேலையாயிருக்கிறது. அவர் கையிலோ ஒரு ஜில்லாவின் ஊழியம் முழுவதும் இருந்தது. செமினரி, பெண்கள் பள்ளி, கிராமப் பள்ளிக்கூடங்கள், நூறு பேர் அளவிலான உபதேசிமார், அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய சம்பளக் கணக்கு, தர்ம சங்கத்து நிலங்கள், ஊர் ஊராய்க் கட்டின ஜெபவீடுகள், அச்சுக்குப் போகவேண்டிய எழுத்துப் பிரதிகள். வீட்டிலே மனைவியும் பல பிள்ளைகளும். இந்தத் தேசத்திலேயே பிறந்து, தமிழ் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். பிரஷ்யா அவர்களுக்குக் கேள்விப்பட்ட ஊர்தான். அவர்களுக்குச் சொந்த ஊர் என்றால் பாளையங்கோட்டைதான்.

அந்த அம்மையாரைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்கள் ரொம்பப் பேசுவதில்லை. ஆனாலும் ஊழியக்காரன் மனைவிமாருக்குத் தெரியும். ஐயர் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது, ஐயரம்மா எதை ஒப்படைக்க முடியும்? பிரசவத்துக்கு ஓடிவந்து கூப்பிட்ட பெண்களையா? தாயில்லாமல் பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளையா? அதற்கெல்லாம் இரசீது கிடையாது.

இந்த இடத்தில்தான் இரேனியஸ் ஐயருடைய மேன்மையை நான் காண்கிறேன். உபதேசிமாரில் அநேகர் அவர் கையில் வளர்ந்தவர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெருங்கூட்டம் அவர் பின்னாலே வந்திருக்கும். ஆனாலும் அவர் அப்போது அதைச் செய்யவில்லை. மந்தை இரண்டுபடக் கூடாது என்று, தானே விலகிப்போவதைத் தெரிந்துகொண்டார். ஊழியத்தைச் சமாதானத்தோடே சங்கத்தார் வசம் விட்டுவிட்டு, 1835-ம் வருஷத்தின் மத்தியில் குடும்பத்தோடே பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பினார். அவரோடு ஊழியஞ்செய்த ஷாஃப்டர், முல்லர், லெக்லர் என்ற ஜெர்மானிய ஊழியர்கள் மந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி அங்கேயே தங்கினார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுல் மிலேத்து துறைமுகத்தில் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்து, முழங்கால்படியிட்டு ஜெபித்து, அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ அழப் பிரிந்துபோனதை அப்போஸ்தலர் நடபடிகள் 20-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தாமிரபரணிக் கரையும் ஞாபகத்துக்கு வருகிறது.

நம்ம பக்கத்து ஆற்காட்டிலே

பாளையங்கோட்டையிலிருந்து ஆற்காடு ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அப்போது இரயில் கிடையாது. தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு வரைக்கும் ஓடினதே 1856-ல்தான். பல்லக்கும் மாட்டு வண்டியும் கப்பலும்தான் அன்றைய பிரயாணம்.

ஆற்காட்டில் புதிதாய் ஊழியத்தைத் தொடங்குவதே அவர் திட்டம். சங்கத்தின் சம்பளம் நின்றுபோய்விட்டது. இனி சிநேகிதர்கள் அன்பினால் கொடுப்பதும், ஜெபத்துக்குக் கர்த்தர் தரும் பதிலும்தான் ஜீவனம். பல் மருத்துவர் தொழிலை விட்டுவிட்டு விசுவாச ஊழியராக வந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற தேவ மனுஷன் அவரைத் தாங்கினவர்களில் ஒருவர். நம்ம பெந்தெகொஸ்தே ஊழியர்கள் விசுவாச ஜீவியம் என்று சொல்லுகிறோமே, அதை அந்தக் குடும்பம் ஒரே இராத்திரியில் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாற்பத்து நாலு வயசிலே, பதினைந்து வருஷத்து உழைப்பை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம்! இங்கே அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. நம்ம பக்கத்திலே தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. கூப்பிட்டால் ஓடிவர உபதேசி இல்லை.

திரும்பி வாருங்கள் என்ற கடிதங்கள்

ஆனால் தெற்கே மந்தை அமைதியாயில்லை. அங்கே தங்கின ஜெர்மானிய ஊழியர்களுக்கும் சங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்களும் விலகும்படியாயிற்று. உபதேசிமாரிடமிருந்தும் சபைகளிடமிருந்தும் ஐயருக்கு வருந்தி அழைத்துக் கடிதங்கள் வந்தன. திரும்பி வந்து எங்களை மேயும் என்பதே அவைகளின் சாரம்.

அவர் என்ன செய்யவேண்டும்? நாம் கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். போகாவிட்டால், தான் பெற்ற பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போது காதை மூடிக்கொண்டவன் ஆவார். போனால், ஒப்படைத்த சாவியைத் திரும்பக் கேட்கிறவன் ஆவார். இரண்டு வழியிலும் முள் இருந்தது.

அவர் போனார். 1835-ம் வருஷம் முடிவதற்குள்ளாகவே குடும்பத்தோடு திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பினார்.

நேர்மையாகச் சொல்லணும் என்றால், அதன் விளைவு கசப்பாயிருந்தது. சபைகள் இரண்டாகப் பிரிந்தன. சங்கத்தாரின் ஊழியர் ஜார்ஜ் பெட்டிட் ஐயர் ஒரு பக்கம், இரேனியஸ் ஐயர் ஒரு பக்கம். ஜெபவீடும் நிலமும் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. அதுவரைக்கும் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்ற விசுவாசிகள் எதிரெதிராய் நின்றார்கள். எவரெவர் நிமித்தம் அவர் முதலில் விலகிப்போனாரோ, அவர்களுக்குள்ளேயே பிரிவினை வந்துவிட்டது.

தேவ மனுஷர்களுடைய சரித்திரத்தை எழுதும்போது இந்த மாதிரி பக்கங்களைச் சிலர் கிழித்துப்போடுகிறார்கள். வேதம் அப்படிச் செய்கிறதில்லை. பவுலும் பர்னபாவும் மாற்கு நிமித்தம் கடுங்கோபமாய்ப் பிரிந்ததை லூக்கா மறைக்காமல் எழுதினார். ஐயர் திரும்பிப்போனது சரியா தவறா என்று என்னைக் கேட்டால், ஒன்று மட்டும் சொல்லுவேன். அவர் பணத்துக்காகவோ பேருக்காகவோ திரும்பிப் போகவில்லை. அன்பினால் போனார். ஆனாலும் அன்பினால் எடுக்கிற முடிவும் மந்தையைக் காயப்படுத்தக்கூடும். அதனால்தான் ஊழியக்காரனுக்கு அன்பு மாத்திரமல்ல, காத்திருக்கிற கிருபையும் வேண்டும்.

வேலை நடுவிலே அழைப்பு

பிரிவினைக்கு நடுவிலும் அவர் உழைப்பைக் குறைக்கவில்லை. பிரசங்கமும் எழுத்தும் கிராமப் பிரயாணமும் ஓயவில்லை. 1838 ஜூன் 5-ந் தேதி, நாற்பத்தேழாவது வயசிலே, பாளையங்கோட்டையிலேயே கர்த்தர் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். இந்தத் தடவை சாமான் கட்ட நேரமில்லை. ஒப்படைக்க ஒரு பட்டியலும் தேவைப்படவில்லை.

அவர் மறைந்தபின்பு என்ன நடந்தது தெரியுமா? சண்டை தானாய் அடங்கிற்று. பிரிந்துபோன சபைகளும் ஊழியர்களும் மறுபடியும் சங்கத்தோடே ஒப்புரவானார்கள். ஷாஃப்டர் ஐயர் திரும்பவும் சங்கத்தின் ஊழியரானார். லெக்லர் ஐயர் சேலத்துக்குப் போய் இலண்டன் மிஷனில் பல வருஷம் உழைத்தார். ஐயருடைய மகன் தகப்பனாரின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து 1841-ல் இலண்டனில் புத்தகமாய் வெளியிட்டார்.

யார் யாருக்கு அபிஷேகம் பண்ணலாம் என்ற அந்தப் பழைய கேள்விக்கும் ஒருநாள் பதில் கிடைத்தது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் கையினால் பட்டம் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே சபையின் குருமாராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். 1835-ல் ஒரு குடும்பத்தை வீட்டை விட்டுக் கிளப்பின கேள்வி, 112 வருஷம் கழித்துச் சமாதானமாய்த் தீர்ந்தது!

வீணாய்ப் போகாத விதை

ஆற்காட்டில் அவர் இருந்த சில மாதங்கள் வீணா? மனுஷக் கண்ணுக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் அவர் விட்டுப்போன வயலைக் கர்த்தர் மறக்கவில்லை. 1853-ல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை ஸ்தாபித்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கினதுதான், நம்ம ஜனங்கள் வியாதி என்றால் ஓடுகிற வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதைக் கேட்டால் உங்கள் இருதயம் களிகூரும். பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயரிடத்தில் படித்த மாணவரில் ஒருவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பிற்பாடு குரோவ்ஸ் அவர்களோடே ஊழியஞ்செய்து, எந்த மிஷன் சம்பளமும் இல்லாமல் கிறிஸ்டியான்பேட்டையில் குடியேறி, விசுவாச ஊழியராய் வாழ்ந்தார். அங்கேதான் 1860-ல் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் பாவ உணர்வடைந்து கதறினார்கள். அந்நியபாஷைகளும் தரிசனங்களும் தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டன. அமெரிக்காவில் அசூசா தெருவில் அக்கினி இறங்கினது 1906-ல். அதற்கு நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னேயே நம்ம தமிழ் மண்ணிலே, ஒரு தமிழ் உபதேசியின் ஊழியத்திலே, ஆவியானவர் பலத்த காரியங்களைச் செய்தார். அல்லேலூயா!

பாருங்க, ஐயர் பாளையங்கோட்டையில் ஒப்படைத்த பட்டியலில் ஆலயம் இருந்தது, பள்ளி இருந்தது, நிலம் இருந்தது. அவைகளுக்காகத்தான் பின்னால் வழக்கு நடந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தது. அவர் பயிற்றுவித்த மனுஷர்கள். அவர்களை ஒருவரும் பறித்துக்கொள்ளவும் முடியவில்லை, பூட்டி வைக்கவும் முடியவில்லை.

தேவப்பிள்ளைகளே, நம்ம ஊரிலும் சபைகள் உடைகிறதைக் காண்கிறோம். மைக் செட் யாருக்கு, நாற்காலி யாருக்கு, இடம் யார் பேரில் இருக்கிறது என்று அண்ணன் தம்பிகள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறதையும் பார்த்திருக்கிறோம். வாலிபனாயிருந்தபோது ஒரு சபை உடைகிறதை நானும் உள்ளேயிருந்து பார்த்தேன். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேசாத பேச்செல்லாம் பேசினேன். அதற்காக இன்றும் கர்த்தருடைய பாதத்தில் அழுகிறேன். மந்தை போதகருக்குச் சொந்தமல்ல, கமிட்டிக்கும் சொந்தமல்ல. தம்முடைய இரத்தத்தினாலே வாங்கினவருக்கே சொந்தம். இதை மறந்துபோகிற அன்றைக்கே பிரிவினை தொடங்கிவிடுகிறது.

நமக்கும் ஒருநாள் புறப்பாடு உண்டு. டிரான்ஸ்பரோ, பிள்ளைகள் வீட்டுக்கோ, அல்லது கர்த்தருடைய வீட்டுக்கோ! அன்றைக்கு நம் கையிலிருக்கிற சாவியை யாரிடம் கொடுக்கப்போகிறோம்? அதை வாங்கிக்கொள்ள ஒருவரையாவது ஜெபத்திலும் வசனத்திலும் பழக்கிவைத்திருக்கிறோமா? அந்தச் சகோதரி கொடுத்துப்போன வருகைப் பதிவேடு இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவங்க வகுப்பில் படித்த ஒரு வாலிபப் பிள்ளை இப்போது அந்த வகுப்பை எடுக்கிறாள். பதிவேட்டில் பழைய ஆசிரியையின் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்து தொடங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கர்த்தரைத் துதிக்கிறேன்.

இந்த மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில் மூன்று காரியங்களுக்காக ஜெபியுங்கள். பிரிந்து நிற்கிற சபைகள் ஒப்புரவாகும்படிக்கு ஜெபியுங்கள். ஊரையும் உறவையும் விட்டுப் போகிற மிஷனெரிக் குடும்பங்களுக்காக, விசேஷமாய் அவர்கள் மனைவி பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். அருளப்பன் நாட்களில் ஊற்றப்பட்ட அதே ஆவியானவர் திருத்தணியிலும் இந்த எல்லைப்புறக் கிராமங்களிலும் ஊற்றப்படும்படிக்கு ஜெபியுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்களைச் சமாதானத்தோடு நடத்துவாராக. ஆமென்.